சேகரித்த இடம்

கரப்பான் பூச்சிக்குத் தட்டுப்பாடு என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் அந்தப் பட்டணத்துத் தமிழ்ப் பாடசாலையில், 2005ஆம் ஆண்டு உயர்தர உயிரியல் வகுப்பில், அப்படியொரு தட்டுப்பாடு வந்தது. ஆளுக்கொரு கரப்பான் கொண்டு வர வேண்டும், அது நன்றாக வளர்ந்திருக்க வேண்டும், கால் முறியக் கூடாது, உணர்கொம்பு ஒடியக் கூடாது. அதன் வாயுறுப்புகளைப் பிரித்து, கண்ணாடி வழுக்கியில் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்துப் படம் வரைந்து, செயன்முறை அறிக்கை எழுத வேண்டும். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு தாட்சாயினி டீச்சர் போய்விட்டார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து நியமனத்தில் வந்தவர். சொன்னால் சொன்னதுதான்.

வகுப்பில் மொத்தம் ஏழு பேர். சிங்களவர் பெரும்பான்மையான சப்ரகமுவ மாகாணத்தில் தமிழில் விஞ்ஞானம் படிக்க ஏழு பேர் சேர்ந்ததே பாடசாலை அதிபர் சரவணமுத்து சேருக்குப் பெரிய பெருமை. மேடை கிடைத்தால் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டார். அந்த ஏழு பேரில் ஆறு பேர் பட்டணத்துப் பிள்ளைகள். ஒருத்தி மட்டும் ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவள் பெயர் கிருஷ்ணகுமாரி. எல்லோருக்கும் குமாரி.

"எங்கூட்டுல ஒரு எறும்பு கூட இல்ல. உம்மா கிழமைக்கு ஒருக்கா மருந்தடிக்கிற" என்றாள் ஸாஹிரா. அவளுடைய வாப்பாவுக்குப் பஜாரில் துணிக்கடை.

"எங்கட குவாட்டர்ஸுக்குப் போன மாசம்தான் பெயின்ற் அடிச்சது. இனி எங்க போய்த் தேடுறது?" என்றான் மதுசன். அவனுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில் அரசாங்க வேலை.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குமாரியைப் பார்த்தார்கள். மற்ற நால்வரும் பார்த்தார்கள்.

"குமாரி, ஒங்கட தோட்டத்துல கரப்பான் நெறய ஈக்கும் தானே? எங்களுக்கும் சேத்துக் கொண்டு வாங்க" என்றாள் ஸாஹிரா.

அவள் சொன்னதில் நஞ்சு ஒன்றும் கிடையாது. ஸாஹிரா தன் சாப்பாட்டில் பாதியைக் குமாரிக்குக் கொடுக்கிறவள். குமாரிக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். வேண்டுமென்று குத்தினால் திருப்பிக் குத்தலாம். சிநேகிதமாக உதவி கேட்கிறவளை என்ன செய்வது? "ம், பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அன்று முழுவதும் ஓர் எழுத்தும் தலையில் ஏறவில்லை.

வீட்டுக்குப் போனதும் விஷயத்தை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் எப்படிக் கரப்பான் பிடிப்பது? ஒற்றைக் காம்பரா அறையும் முன்னால் ஓர் இஸ்தோப்புத் திண்ணையுமாக, வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கிற லயத்து வீட்டில் ஒருத்தி தும்மினாலே பக்கத்துக் காம்பராவிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும்.

"ஏழா? ஏழு என்னா ஏழு, பத்தா புடிச்சித் தாரேன். டீச்சர் நல்லதா பாத்து எடுத்துக்கட்டும்" என்றாள் அம்மா தங்கம்மா. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். மகள் படிக்கிற படிப்பில் அவளுக்கு ஒன்றும் விளங்காது. கொழுந்து பறித்துவிட்டு வந்து, மகள் வரைகிற படங்களை எட்ட நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான். இப்போது முதல் தடவையாக அந்தப் படிப்புக்கு அவளால் ஆகிற காரியம் ஒன்று வந்திருக்கிறது. விடுவாளா?

மால்ட் டின் ஒன்றைக் கழுவி, அதன் உள் விளிம்பில் தேங்காயெண்ணெய் பூசினாள். அடியில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி போட்டாள். இருட்டியதும் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கருப்பட்டிக்கு இறங்கின பூச்சி எண்ணெய் வழுக்கி மேலே ஏற முடியாமல் உள்ளேயே சுற்றியது. தங்கம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இவனுக்கு மீச ஒடஞ்சி கெடக்கு. நீ போடா" என்று ஒன்றை எடுத்து மறுபடியும் வீட்டுக்குள்ளேயே விட்டாள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு மருதாயியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எங்க குமாரி படிப்புக்கு எங்க வீட்டுப் பூச்சிதான் வேணுமாம், மருதாயி. டவுன்ல எங்க தேடியும் கெடைக்கலயாம்."

"அட, நம்ம வீட்டுல கேட்டிருந்தா சாக்குல அள்ளிக் குடுத்திருப்பேனே" என்றாள் மருதாயி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

குமாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கரப்பான் இருப்பதற்காக மட்டும் இல்லை, அது இருப்பதைப் பற்றி அம்மாவுக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லையே என்பதற்காகவும்.

மறுநாள் டின்னைத் துணியில் சுற்றிக்கொண்டு போய், டீச்சர் வருவதற்கு முன்பே ஆய்வுகூடத்தில் வைத்துவிட்டாள். டீச்சர் யார் கொண்டு வந்தது என்று கேட்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தவர், "ஆ, அருமையான மாதிரியள். ஒண்டுக்கும் சேதமில்லை" என்றார். குளோரோபோம் நனைத்த பஞ்சைப் போட்டார். சற்று நேரத்தில் டின் அமைதியானது. பிறகு எல்லோரும் குனிந்து வேலையைத் தொடங்கினார்கள். குமாரியின் கை அந்த வகுப்பிலேயே நிதானமான கை. மேலுதடு, சிபுகம், அனு, கீழுதடு என்று வாயுறுப்பு ஒவ்வொன்றும் அவளுடைய ஊசி நுனியில் கிழியாமல் வந்தது. ஸாஹிராவின் வழுக்கியில் கூழ்தான் மிஞ்சியது. குமாரி அவளுக்கும் ஒரு தொகுதியைப் பிரித்துக் கொடுத்தாள். கண்ணை நுணுக்குக்காட்டியில் வைத்தபோது, நேற்று இரவு காலடியில் ஓடின அந்தப் பூச்சியின் வாய் தேன் நிறத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. வீடு, லயம், டின் எல்லாம் மறந்துபோய் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது மறந்ததெல்லாம் திரும்பி வந்தது. டீச்சர் கரும்பலகையில் தலைப்புகளை எழுதியிருந்தார். நோக்கம், உபகரணங்கள், செய்முறை, அவதானம் என்று போனது. எல்லாவற்றுக்கும் முன்னால் மாதிரியைப் பற்றிய விவரத்தில் ஒரு வரி: சேகரித்த இடம்.

மதுசன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான். "குமாரி, உங்கட தோட்டத்துப் பேர் தெரியும். லயத்துக்கு நம்பர் ஏதும் இருக்கோ? துல்லியமா எழுத வேணும் எண்டு டீச்சர் சொன்னவ."

அவன் புத்திசாலிப் பையன், ஆனால் ஊமைக் குசும்பன் இல்லை. உண்மையாகவே நம்பருக்காகத்தான் கேட்டான். ஆறு பேனாக்களும் காத்திருந்தன. அவள் நம்பரைச் சொன்னால், ஆறு பேருடைய அறிக்கையிலும் கரப்பான் பூச்சியின் இருப்பிடம் என்று அவளுடைய வீட்டு விலாசம் ஏறும். டீச்சர் படிப்பார். புள்ளி போட்டுக் கையெழுத்தும் வைப்பார்.

"வீட்டுல புடிக்கல. இங்கதான் புடிச்சேன். நம்ம கென்டீன் ஸ்டோருக்குள்ள" என்றாள்.

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று அவளுக்கே தெரியாது. ஆறு பேனாக்களும் குனிந்தன. 'பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக் களஞ்சியம்' என்று எல்லோரும் அழகாக எழுதினார்கள். குமாரியும் எழுதினாள். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

கென்டீனை நடத்தியவர் லாபிர் நானா. அவருக்கு உதவி அவருடைய மனைவி ஹபீலா. லாபிர் நானாவின் வாய் பொல்லாதது. மேசையில் ஒரு பருக்கை சிந்தினால் பிள்ளைகளை விரட்டி விரட்டித் துடைக்க வைப்பார். காலையும் மாலையும் பெனயில் ஊற்றிக் கழுவுவார். அவருடைய வடையில் எண்ணெய் வாசத்தோடு பெனயில் வாசமும் வரும் என்று பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. பள்ளிக்கூடத்திலேயே கரப்பானுக்கு ஆகாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்தக் கென்டீன்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவளுக்கு அந்தச் சோறுதான் கிடைத்தது.

டீச்சர் அறிக்கைகளைத் திருத்திக் கொடுத்த அன்று குமாரியின் அறிக்கையை உயர்த்திக் காட்டினார். "இதுதான் அறிக்கை. படத்தைப் பாருங்கோ, ஒரு கோடு கூட அழிச்சு வரையேல்லை. விஞ்ஞான தினத்துக்கு இதைத்தான் காட்சிக்கு வைக்கப் போறன். குமாரி, பெரிய மட்டையில சுத்தமா இன்னொரு பிரதி எழுதித் தா. அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா."

மட்டையில் திரும்ப எழுதினபோது அந்த வரியில் அவள் கை நின்றது. அதை விட்டுவிடலாம். ஆனால் டீச்சருக்கு ஒரு வரி குறைந்தாலும் பிடிக்காது. மாற்றி எழுதலாம். ஆனால் ஆறு அறிக்கை வேறு மாதிரிச் சொல்கிறதே? காட்சிக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கென்டீனையே மறுபடியும் எழுதினாள். இந்தத் தடவை வாய் தவறி வந்தது என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் எழுதினாள்.

விஞ்ஞான தினத்தன்று தங்கம்மா அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று அரைப் பேரோடு மலையிலிருந்து இறங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு உடுத்துகிற மாம்பழ நிறச் சேலையில் வந்தாள். அப்பா கந்தையாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் லீவு கிடைக்கவில்லை. ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் தங்கம்மா நேராக மகளுடைய மேசைக்குப் போனாள். ஊசி குத்தி வைத்திருந்த கரப்பானைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இவன்தான் டின்னுக்குள்ள எல்லாரையும் மிதிச்சிக்கிட்டு நின்னவன்" என்றாள்.

"மெதுவா பேசுங்க, அம்மா."

"மெதுவாத்தானே பேசுறேன்."

நுணுக்குக்காட்டியில் அவளைப் பார்க்க வைத்தார் டீச்சர். தங்கம்மா ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "இத ஒன் கையால பிரிச்சியா?" என்று மட்டும் கேட்டாள். குமாரிக்கு அந்த நிமிஷம் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செய்திருக்கலாம். ஆனால் அதற்குள் வாசலில் பரபரப்பு ஏற்பட்டது. அதிபர் பிரதம விருந்தினரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

விருந்தினர் அந்தப் பகுதியின் சுகாதாரப் பரிசோதகர். பீ.எச்.ஐ. மாத்தயா, அதாவது பீ.எச்.ஐ. ஐயா, என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சிரித்த முகம், தொப்பை வயிறு. தமிழ் ஒரு சொல் கூடத் தெரியாது. மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், அந்தக் கரப்பானுக்கு முன்னால் நின்றுவிட்டார். தொழில் பழக்கம். இவ்வளவு பெரிய பூச்சி எங்கே அகப்பட்டது என்று சிங்களத்தில் கேட்டார்.

"மே கெரபொத்தாவ கொஹெந்த அல்லகத்தே?"

தங்கம்மாவுக்குத் தமிழில் வாசிக்க வராது. ஆனால் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தோட்டத்தைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள்தானே. தன்னைத்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்ததில் தப்பும் இல்லை. பிடித்தவள் அவள்தான்.

"அபே கெதரின், மாத்தயா! மம தமய் எல்லுவே!" என்றாள். எங்கள் வீட்டிலிருந்துதான், நானேதான் பிடித்தேன். மேடையில் பரிசு வாங்குகிறவளைப் போலத்தான் சொன்னாள்.

பீ.எச்.ஐ. வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் நின்றிருந்த பெற்றோர்களும் சிரித்தார்கள். ஸாஹிராவின் உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். யாரும் கேவலமாக நினைத்துச் சிரிக்கவில்லை, ஒரு பெண் கரப்பானுக்குச் சொந்தம் கொண்டாடினால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் குமாரியின் காதில் அது வேறு சத்தமாக விழுந்தது.

அதிபர்தான் கெடுத்தார். விருந்தினருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் மட்டையைப் பார்த்து வரி வரியாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனவர், சேகரித்த இடத்துக்கு வந்ததும் தன் வாயாலேயே "ஸ்கூல் கென்டீன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

பீ.எச்.ஐ.யின் சிரிப்பு நின்றது. இதில் எது சரி என்று கேட்டார். அதிபர் குமாரியைப் பார்த்தார்.

"எது பிள்ளை சரி? அம்மா சொல்றதா, நீ எழுதினதா?"

அம்மா பக்கத்தில்தான் நின்றாள். ஸாஹிராவும் மதுசனும் எதிரில் நின்றார்கள். குமாரி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"எழுதினதுதான் சேர். அம்மாவுக்கு ஒன்னும் தெரியாது. அவங்க சும்மா சொல்றாங்க."

தங்கம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமல் பார்ப்பது போலத்தான் இருந்தது. பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. மகள் ஏன் மெதுவாகப் பேசச் சொன்னாள், டின்னை ஏன் துணியில் சுற்றிக்கொண்டு போனாள், அன்று ஏன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள் என்று எல்லாமே. அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"மட்ட வெரதுனா, மாத்தயா" என்றாள். எனக்குத்தான் தப்பாகிவிட்டது. "அபே கெதர கெரபொத்தோ நே." எங்கள் வீட்டில் கரப்பானே இல்லை.

அவள் தலை நிமிரவில்லை. அந்தப் பொய் அவளுக்குச் சரியாகச் சொல்லக்கூட வரவில்லை. ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். தாட்சாயினி டீச்சர் வேறு, நேர்மையான மனுஷி, தன் பங்குக்குச் சொன்னார்: "ஏழு பிள்ளையளும் அந்த இடத்தைத்தான் எழுதியிருக்கினம், சேர்."

ஏழு பேர் தனித்தனியாக எழுதின விஞ்ஞான அறிக்கைக்கு முன்னால் யார் என்ன பேச முடியும்? எல்லோரும் கென்டீனுக்குப் போனார்கள்.

லாபிர் நானா வடை போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்ட கென்டீன்லயா? கரப்பானா? யா அல்லாஹ்! வந்து பாருங்க சேர். மூலை மூலையா பாருங்க. ஒரு கால் கெடச்சாலும் நான் இந்த வேலய உட்டுட்டுப் போறேன்."

பீ.எச்.ஐ. ஸ்டோரைத் திறந்து பார்த்தார். சீனி, மா எல்லாம் மூடின வாளிகளில் இருந்தன. தரை பளிச்சென்று இருந்தது. பெனயில் வாசம் மூக்கில் அடித்தது. அதுவே லாபிர் நானாவுக்கு எதிராகப் போனது. நான் வருகிறேன் என்று தெரிந்து இன்று கழுவியிருக்கிறீர்கள் என்றார் பீ.எச்.ஐ. இத்தனை பிள்ளைகள் எழுதி வைத்த பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு போனால், நாளைக்கு ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் யார் பதில் சொல்வது? இப்போதைக்கு மூடுங்கள், அறிக்கை எழுதி அனுப்புகிறேன் என்று முடித்தார்.

அதிபருக்கு முகம் வெளிறியது. விருந்தினர் முன்னால் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், "அடுத்த தவணைக்கு வேற ஆளைப் பார்க்கிறம், மாத்தயா" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார்.

லாபிர் நானா கரண்டியை மேசையில் வைத்தார். ஹபீலா அடுப்பை அணைத்தாள். பொரித்து வைத்த வடைத் தட்டை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கையில் ஏந்திக்கொண்டே நின்றாள். பிள்ளைகள் கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப நாங்க இவ்வளவு நாளும் கரப்பான் வடயா திண்டோம்?" என்று ஒரு பொடியன் கேட்டான். ஹபீலா தட்டை மேசையில் வைத்து, ஒரு துணியால் மூடினாள்.

குமாரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சேர், நான் பொய் எழுதிட்டேன்" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது. திரும்பவும் சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக. "கென்டீன்ல புடிக்கல. எங்க வீட்டுலதான் புடிச்சோம். எங்க லயத்துல. மத்தவங்களுக்கும் நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். லாபிர் நானா மேல ஒரு தப்பும் இல்ல."

அதிபர் அதைத் தட்டுத் தடுமாறிச் சிங்களத்தில் சொன்னார். பீ.எச்.ஐ. குமாரியைத் திட்டவில்லை. அவர் தங்கம்மாவின் பக்கம் திரும்பினார். அப்படியானால் நீங்கள் ஏன் அம்மா எங்கள் முன்னால் பொய் சொன்னீர்கள், படித்த பிள்ளை பொய் சொன்னால் தாய் திருத்த வேண்டாமா, நீங்களும் சேர்ந்து சொல்வதா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பெரியவர் சின்னப் பிள்ளைக்குப் புத்தி சொல்வது போலத்தான் கேட்டார். தங்கம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

முதலில் உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்திதான். அது யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. இரண்டு கைகளையும் கூப்பி, "சமாவென்ன, மாத்தயா" என்றாள். பிறகு லாபிர் நானாவின் பக்கம் திரும்பி அவரையும் கும்பிட்டாள். "மன்னிச்சிக்கங்க நானா. புள்ள தெரியாம செஞ்சிடுச்சி."

குமாரி நினைத்ததெல்லாம் தன்னைப் பற்றித்தான். உண்மையைச் சொன்னால் அவமானம் தன் தலையோடு போகும் என்றுதான் வாயைத் திறந்தாள். அது அம்மாவின் தலையில் போய் இறங்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல, தங்கச்சி" என்றார் லாபிர் நானா தங்கம்மாவிடம். குமாரியின் பக்கம் திரும்பவில்லை. ஹபீலாவிடம் மட்டும், "அடுப்ப பத்த வை" என்றார். பீ.எச்.ஐ. ஒரு வடையை எடுத்துக் கடித்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். அதிபர் உயிர் வந்தது போல இரண்டு எடுத்தார்.

பெற்றோர்கள் கலைந்த பிறகு டீச்சர் குமாரியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனி? கரப்பான் என்ர வீட்டிலயும்தான் இருக்கு" என்றார். அன்போடுதான் சொன்னார். இருக்கட்டும். ஆனால் டீச்சர் வீட்டுக் கரப்பானை யாரும் கேட்கவில்லையே என்று குமாரி நினைத்தாள். சொல்லவில்லை.

பஸ்ஸில் தங்கம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாம்பழ நிறச் சேலையைக் கால் வரை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தாள். ஓப்பநாயக்கவில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, "அம்மா, என்னைய ஏசுங்க" என்றாள் குமாரி.

"எதுக்கு?"

"நான் செஞ்சதுக்கு."

"நீ கடைசியில உண்மையத்தானே சொன்ன" என்றாள் தங்கம்மா. பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. தங்கம்மா விறகுக் கட்டை இழுத்து வெளியே போட்டாள். சட்டி பானை, மாப் பெட்டி, பழைய சாக்கு, சாமிப் படத்துக்குக் கீழே இருந்த பலகை என்று ஒவ்வொன்றாக இஸ்தோப்புக்குக் கொண்டு வந்தாள். வீடு முழுக்க வெளியே வந்துவிட்டது. மருதாயி தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா தங்கம், தீவாளி இப்பவே வந்துருச்சா?" என்று கேட்டாள். தங்கம்மா மருதாயிக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

குமாரி உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தபோது, அம்மா வெறும் காம்பராவின் நடுவில் நின்று, புகையேறின கூரையையும் சுவரையும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் குமாரி, அந்த ஸாஹிரா புள்ள, ஒங்க டீச்சர், இவங்கள்லாம் ஒரு நாளைக்கு வந்தா எங்க ஒக்கார வப்ப?"

"ஏம்மா அதெல்லாம் இப்ப?"

"இல்ல, சும்மா கேட்டேன். எனக்குத் தோணுனதே இல்ல பாரு."

குமாரி வாளியை வாங்கப் போனாள். தங்கம்மா கொடுக்கவில்லை.

"நான் கலியாணம் கட்டி வந்ததுல இருந்து இந்த வீட்டுலதான் இருக்கேன். நீ பொறந்ததும் இங்கதான். ஒரு நாளும் எனக்கு இந்த வீட்ட நெனச்சி வெக்கமா இருந்ததில்ல" என்றாள். "இன்னைக்கித்தான் இருக்கு."

சொல்லிவிட்டுக் குனிந்து சுவரைத் தேய்க்கத் தொடங்கினாள். அவள் போதும் என்று நிறுத்துகிற வரைக்கும் குமாரி வாசலிலேயே நின்றாள்.